கருவாடு திரும்பிய வருஷங்கள்

1996ஆம் ஆண்டு மார்ச் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காற்று துளியும் இல்லாத காலை பத்து மணிக்கு, ஸ்கார்வ்நெஸ் முனையில் காயத் தொங்கிய நாற்பதாயிரம் கருவாடுகள் வடகிழக்கே திரும்பிக்கொண்டன. ஆயிரத்து முந்நூறு மட்டும் தென்மேற்கே திரும்பின. எந்தக் கருவாட்டுக்கும் தலை கிடையாது. தலையை வெட்டித் தனியே கோத்துக் காயப்போடுவதுதான் வடதுருவத்தை ஒட்டிய லொஃபோதன் தீவுகளில் வழக்கம். வயிற்றைக் கீறிய பக்கத்தை வைத்துத்தான் எது எங்கே பார்க்கிறது என்று சொல்ல முடிந்தது. கீழ்ப் பந்தலில் சரம்சரமாய்த் தொங்கிய தலைகளும் அதே நேரத்தில் திரும்பின. அவற்றுக்கு வாயும் கண்குழியும் இருந்ததால் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அன்று குளிர் பூஜ்யத்துக்கு இரண்டு டிகிரி கீழே. அலை தணிந்திருந்தது. தேவாலயத்துக் கூரையைச் செப்பனிட வந்த இருவர் ஏணியிலிருந்து இறங்கி நின்று பார்த்தார்கள். பிறகு காப்பி நேரமாகிவிட்டதால் காப்பி குடிக்கப் போனார்கள்.

முதலில் கவனித்தவள் மாக்னில்ட். அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. இரண்டு மீன்களை வாலோடு வால் சேர்த்துக் கயிற்றால் சோடி கட்டிக் கொடுப்பது அவள் வேலை; அந்தச் சோடியைப் பந்தல் கழியின் மேல் போட்டால் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் தொங்கும். எடை ஒத்தால் சோடி ஒத்தது, அவ்வளவுதான் விதி. பெண் கொடுக்கிற வீட்டில் கேட்பதுபோல, நீ எந்த ஊர், உன் ஆட்கள் யார் என்று மீனை அதுவரை யாரும் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். அந்த வாரமே கருவாடு விழ ஆரம்பித்தது. சோடியில் ஒன்று வடகிழக்கும் மற்றது தென்மேற்கும் பார்க்க நினைத்தால், இரண்டும் எதிரெதிரே முறுக்கி முறுக்கி, நாலாம் நாள் கயிறு அறுந்து இரண்டும் மண்ணில் கிடக்கும். மண்ணில் விழுந்த கருவாட்டைத் தரம் பார்க்கிறவர் மூக்கருகே கூடக் கொண்டுபோக மாட்டார். பந்தல் முதலாளி ஹால்வார் வந்து, விழுந்ததைக் காலால் புரட்டிப் பார்த்தான்.

“என்ன மாக்னில்ட், உன் முடிச்சு உன் புருஷன் பண்ற சத்தியம் மாதிரி இருக்கே? நாலு நாள்கூட நிக்கல.”

“முடிச்சுல குறை இல்ல ஹால்வார். மீனுக்குள்ள மனஸ்தாபம்.”

“கருவாட்டுக்கு என்ன மனஸ்தாபம்?”

“நீயும் உன் அண்ணனும் ஒரே பெஞ்சுல உக்காந்தப்ப தேவாலயத்துப் பெஞ்சே முறிஞ்சுதே, அந்த மாதிரி.”

ஊரார் மீனைச் சந்தேகப்படவில்லை, கயிற்றைத்தான் சந்தேகப்பட்டார்கள். தார் பூசிய சணல் கயிறு வந்தது, நைலான் வந்தது, குதிரைமயிரில் திரித்த கயிறுகூட ஒரு பெட்டி வந்தது. எல்லாம் அறுந்தன. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன. கருவாட்டை வாங்குகிற இத்தாலிக்காரர்கள் காதில் விழுந்தால் ஸ்கார்வ்நெஸ் சரக்கு புரள்கிற சரக்கு என்று பேராகிவிடும். தலைகளை வாங்குகிற நைஜீரியாவின் ஆபா நகரத்து வியாபாரி அம்மாள் ஒருவர் மட்டும் அந்த இலையுதிர்காலம் கடிதம் எழுதினார். சரக்கு நல்ல சரக்கு, ஆனால் மேசையில் எப்படிக் கொட்டினாலும் எல்லாத் தலையும் வடக்கே திரும்பி வாடிக்கையாளருக்குப் பின்புறத்தைக் காட்டுகின்றன, இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று இருந்தது. கடை வாசலை வடக்கே மாற்றி வைக்கவும் என்று ஹால்வார் பதில் எழுதினான். அந்த அம்மாள் மாற்றி வைத்தார். வியாபாரம் கூடியது.

மாக்னில்டுக்கு விஷயம் பிடிபட மூன்று வருஷம் ஆயிற்று. வால் முனையை இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கி நின்றால், மீன் இழுப்பது தெரியும். மேய்ந்து முடித்த பசுவின் கயிற்றைப் பிடித்திருக்கிறவளுக்கு அது கொட்டிலுக்குப் போக நினைப்பது கையில் தெரியுமே, அப்படி. வடகிழக்கே இழுப்பது நடைமீன்: குளிர்காலத்தில் பேரண்ட்ஸ் கடலிலிருந்து கூட்டமாக வந்து, எங்கள் தீவுகளில் முட்டையிட்டு, வந்த வழியே போகிற காட் மீன். தென்மேற்கே, குடாவின் உள்மூலையை நோக்கி இழுப்பது வீட்டுமீன்: அதுவும் காட் மீன்தான், ஆனால் குடாவை விட்டு எங்கும் போகாதது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. வீட்டுமீன் கொஞ்சம் சிவப்பு என்பார்கள். கடற்பாசிக்குள் ஒரு மாதம் கிடந்தால் எந்த மீனும் சிவந்துதான் போகும்.

அவள் இனத்தோடு இனம் சேர்த்துக் கட்டினாள். நடைமீனை மேற்குப் பந்தலில், வீட்டுமீனைக் கிழக்குப் பந்தலில். வருஷத்துக்குப் பத்துப் பதினொன்று எந்தப் பக்கமும் இழுக்காமல், கையிலேயே மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றைக் கிழக்குப் பந்தலின் கோடியில் சோடி சேர்க்காமல் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். பிப்ரவரியில் சுற்ற ஆரம்பித்து ஜூனில் இறக்கும்வரை அவை நிற்காமல், அவசரப்படாமல் சுற்றின. அதன்பின் ஒரு கருவாடுகூட விழவில்லை. ஹால்வார் ஒரு பொட்டலம் காப்பித்தூளைக் கொண்டுவந்து அவள் வேலைசெய்கிற பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனான்.

இப்படியே பன்னிரண்டு வருஷம் போயிற்று. அதற்குள் வீட்டுமீன் ஆயிரத்து முந்நூறிலிருந்து தொள்ளாயிரமாயிற்று, பிறகு நானூறு, பிறகு நூற்று அறுபது. வளைப்பு வலை போடும் பெரிய கப்பல்கள் குடாவுக்குள்ளேயே வந்து போகலாம் என்று தெற்கே ஓர் அலுவலகம் அனுமதித்திருந்தது. காட் மீன் எல்லாம் ஒரே கூட்டம், பேரண்ட்ஸ் கடலில் அது ஏராளமாக இருக்கிறது, ஒரு குடாவில் குறைந்தால் அடுத்த குளிர்காலத்தில் வந்து நிரம்பிவிடும் என்பது அவர்கள் எண்ணம். எங்கள் ஆட்கள், அப்படியில்லை, இங்கே குடியிருக்கிற மீன் வேறு என்று நாலு தடவை எழுதிப் போட்டார்கள். சிவப்பாக இருப்பது சான்றாகாது என்று நாலு தடவை பதில் வந்தது.

மாக்னில்டின் புருஷன் சிக்வார்ட் சிறுபடகுக்காரன். நடைமீன் ஏப்ரலில் போய்விடும். மற்ற எட்டு மாதம் அவன் வீட்டுமீனை நம்பித்தான் இருந்தான். குடாவின் உள்மூலையில், மலை கடலில் இறங்குகிற இடத்தில், முன்பு ஆறு வீட்டில் விளக்கெரியும். மீன் குறையக் குறைய ஒவ்வொரு வீடாகக் கதவைப் பலகையடித்துவிட்டு ஊரைவிட்டுப் போனது. 2011இல் இவர்கள் வீடு ஒன்றுதான் மிச்சம். அந்த வருஷம் அவள் கிழக்குப் பந்தலில் தொங்கவிட்ட வீட்டுமீன் தொண்ணூற்று நாலு. இன்னும் இரண்டு வருஷம், அப்புறம் நாமும் ஆணியையும் சுத்தியலையும் எடுக்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த மார்ச்சில்தான் ஐலிஃப் வந்தான். மீன்களின் மரபணுவைப் படித்து எந்தக் கூட்டம் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது அவன் படிப்பு. அவனுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. தொட்டால் தடிக்கும், தின்றால் மூச்சு அடைக்கும். முழங்கைவரை உறை மாட்டிக்கொண்டு, படகுப் படகாக ஏறி, ஒவ்வொரு மீனின் துடுப்பிலும் நகக்கண் அளவு வெட்டி, சாராயம் நிரப்பிய சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டே இருந்தான். பூனைக்குப் பயப்படுகிறவன் பால்காரனானான் என்று படகுத்துறையில் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மூன்று வாரத்தில் இரண்டாயிரம் குப்பி சேர்ந்தது. மூட்டை கட்டுவதற்கு முந்தின நாள் மாக்னில்ட் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, மீன் வாடை படாத இரும்பு அச்சில் வாஃபிள் அப்பம் சுட்டு, மேலே பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிப்போட்டுக் கொடுத்தாள்.

“கெடைச்சுதா தம்பி, நீ தேடினது?”

“மேலோட்டமா சோதிச்சதுல ரெண்டாயிரத்துல ஏழு. மத்ததெல்லாம் தூரத்துலேருந்து வந்தது. ஏழை வச்சு ஒன்னும் சொல்ல முடியாதும்மா. வழிதப்பி வந்திருக்கும்னுடுவாங்க.”

“தொண்ணூத்தி நாலு இருந்தா?”

அவன் வாஃபிளைக் கீழே வைத்தான். “தொண்ணூத்தி நாலு இருந்தா சண்டையே போடலாம்.”

“போட்டு ஜெயிச்சா?”

“குடாவ மூடிருவாங்க.”

“பெரிய கப்பலுக்கு.”

ஐலிஃப் தட்டைத் தள்ளி வைத்தான். நல்ல பையன், பொய் வராது. “எல்லாருக்கும்மா. சின்னப் படகுக்கும் சேத்துதான். இவ்வளவு கொஞ்சமா இருந்தா ஒரு தூண்டில்கூட விடமாட்டாங்க. ஒம்பது வருஷமோ பத்து வருஷமோ. மீனு பெருகுற வரைக்கும்.”

நாளைக்குப் போகாதே, நாளன்றைக்குப் போ என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். சிக்வார்ட் படகைக் கட்டிவிட்டு வந்து, பாதி காய்ந்த மீனும் பட்டாணியும் பன்றிக்கொழுப்பும் தட்டில் விழுந்தபோது, எல்லாவற்றையும் சொன்னாள். பந்தலையும் சொன்னாள், விரலில் தெரிகிற இழுப்பையும் சொன்னாள். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாததை ஒரு தட்டு ஆறுவதற்குள் சொல்லி முடித்தாள்.

“அப்ப நீ என்னையக் கரையில கட்டிப்போடச் சொல்ற?” என்றான் அவன்.

“நான் சொல்லல. கேக்குறேன்.”

“கடலுக்குப் போகாத செம்படவன் எதுக்கு ஆவான்? கோட்டு மாட்டுற ஆணிக்கா? எனக்கு அம்பத்தெட்டு வயசு மாக்னில்ட். மூடி, அது பெருகி, தொறக்கறப்ப எனக்குப் பல்லு இருக்குமா?”

“மூடலைன்னா ரெண்டு வருஷம் புடிப்ப. அப்புறம்?”

“ரெண்டு வருஷம் ரெண்டு வருஷந்தானே!”

“காட்டாம விட்டுர்றேன். அந்தப் பையன் ஏழு குப்பியோட போயிருவான். நீ சொல்லு.”

அவன் தட்டை எடுத்துக் கழுவி வைத்தான். மறுநாள் விடிந்ததும் படகை எடுக்காமல், முனைக்கு நடந்தே போனான். மீனைப் பிடிப்பது அவன் வேலை, கட்டுவது அவள் வேலை. அத்தனை வருஷத்தில் பந்தலுக்குக் கீழே அவன் வந்து நின்றதே கிடையாது. மாக்னில்ட் பின்னாலேயே போனாள். கிழக்குப் பந்தலிலிருந்து ஒரு சோடியை இறக்கி, அவிழ்த்து, ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். “ரெண்டு வெரலால புடி. மொரட்டுப் புடி புடிக்காத.”

முப்பது நாளுக்கு முன் செத்த மீன் அது. தலையில்லை, குடலில்லை, காற்று பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தது. சிக்வார்ட் பிடித்தான். ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவன், விரலைக் குனிந்து பார்த்தான். நாற்பது வருஷம் தூண்டில் கயிற்றைப் பிடித்த விரல் அது. அதற்குப் பொய்யும் நிஜமும் தெரியும். ஆழத்தில் ஒரு மீன் தொட்டுப் பார்ப்பது மாதிரி முதலில் ஒரு சின்னத் துடிப்பு வந்தது. பிறகு நிதானமான, விடாத இழுப்பு. அவன் கால் தானாக ஓரடி வைத்தது. இன்னோரடி வைத்தது. மூன்றாவது அடியில் பந்தலை விட்டு வெளியே வந்து, தென்மேற்கே குடாவைப் பார்த்து நின்றான். தண்ணீர் அன்று கண்ணாடியாகக் கிடந்தது. அதன் கடைசியில், மலையடியில், இவர்கள் வீட்டுப் புகைக்கூண்டு தெரிந்தது.

“நம்ம வீட்டுப் பக்கந்தானே போகுது” என்றான்.

“ம்.”

“செத்ததுக்கு அப்புறமுமா?”

“ம்.”

அவனுக்கு என்ன தோன்றியதோ, மீனைக் கீழே விடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோடியில் தனித்தனியே தொங்கிய பதினொன்றிடம் போனான். காற்றே இல்லாத வெளியில் அவை சுற்றிக்கொண்டிருந்தன, மெல்ல, ஒன்றுக்கொன்று மோதாமல், எந்தப் பக்கம் வந்தபோதும் ஒரு கணம் தயங்கி, மறுபடி நகர்ந்து. தேவாலயத்தில் கூட அவன் தொப்பியைக் கழற்ற மறப்பவன். அங்கே கழற்றினான். வெகுநேரம் நின்றான். அவனுக்குக் காது சிவந்து, மூக்கில் நீர் வடிந்து, அவள் தன் கழுத்துத் துணியைக் கழற்றிக் கொடுக்கிற வரைக்கும் நின்றான்.

“அந்தப் பையனக் கூப்புட்டுக் காட்டிரு” என்றான்.

ஐலிஃப் இரண்டு பந்தலிலும் துடுப்பு வெட்டிக்கொண்டு போனான். எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டான். அவள் வால் முனையை நீட்டினாள். அவன் உறையைக் கழற்றித் தொட்டான். இரண்டு கையும் தடித்து வீங்கி நாலு நாள் பேனா பிடிக்க முடியவில்லை, ஆனால் அதற்காக வருத்தப்பட்டதாக அவன் சொன்னதில்லை. ஆகஸ்டில் முடிவோடு திரும்பி வந்து, ஊர்க்கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னான். ரெண்டு மீனும் நெருங்கின சொந்தந்தான். ஆனா ஒவ்வொரு மீனுக்குள்ளயும் மரபணு ஒரு நீளமான சரமா இருக்கு. அந்தச் சரத்துல ஒரு துண்டு வீட்டுமீனுக்கு ஒரு பக்கம் பாத்திருக்கு, நடைமீனுக்கு அதே துண்டு தலைகீழாத் திரும்பியிருக்கு. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால எப்பவோ ஒருதரம் திரும்பினது. அப்புறம் திரும்பினது திரும்பினபடியே அம்மாகிட்டேருந்து பிள்ளைக்கு வருது. திரும்பினது தூரக் கடலுக்குப் போகும். திரும்பாதது இங்கயே இருக்கும். கிழக்குப் பந்தல்ல தொண்ணூத்தி நாலுல ஒன்னுகூடத் தப்பில்ல.

“அந்தப் பதினொன்னு?” என்று பின்வரிசையிலிருந்து சிக்வார்ட் கேட்டான்.

“ஆத்தா ஒரு பக்கம், அப்பன் ஒரு பக்கம். அதுகளுக்குள்ள ரெண்டு சரமும் இருக்கு.”

கடல் அவ்வளவு பெரியது, ஒரு மீனின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத துண்டு அவ்வளவு சின்னது. அந்தச் சின்னதுதான் மீனை இந்தப் பெரியதில் தூக்கிக்கொண்டு போகிறது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஹால்வார்தான் முதலில் தொண்டையைச் செருமினான். “அப்ப மூணு பொட்டி கயிறு தண்டம்” என்றான். அதன்பிறகுதான் சிரிக்க முடிந்தது.

அலுவலகம் அந்தக் குளிர்காலமே குடாவை மூடியது. பெரிய கப்பல்கள் குடாவின் வாயோடு திரும்பிப் போயின. சிக்வார்ட் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டான். நடைமீன் காலத்தில் வெளிக்கடலில் அடுத்தவர் கப்பலில் கூலிக்குப் போனான்; கப்பல் கரையில் நின்ற நாட்களில் மாக்னில்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோடி கட்டினான். அவன் முடிச்சு மோசம். “ஹால்வார் அன்னிக்கே சொன்னான், உன் சத்தியம் மாதிரின்னு” என்று அவள் அவிழ்த்து மறுபடி கட்டுவாள். முதல் இரண்டு வருஷம் அவன் குடாவைப் பார்த்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட்டான். மூன்றாவது வருஷம் பக்கவாட்டில் உட்கார்ந்தான். ஐந்தாவது வருஷம் நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தண்ணீரில் குஞ்சு மீன் தெறிப்பதை எண்ண ஆரம்பித்தான். சிலநாள் எண்ணிக்கை தப்பி, சாப்பாடு ஆறி, திட்டு வாங்கினான். ஏழாவது வருஷம் பலகையடித்த வீடு ஒன்றில் பலகையைக் கழற்றினார்கள். ஓர் இளஞ்சோடி குடிவந்தது. பல் அவனுக்கு மேல் வரிசையில் நாலு போயிற்று, கீழ் வரிசை முழுசாக இருந்தது.

2021 மே மாதம் சிறுபடகுக்கும் கைத்தூண்டிலுக்கும் மட்டும் குடா திறந்தது. சிக்வார்டுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. படகைத் தள்ளிக்கொண்டு போனவன் முனைவரைக்கும் போய்த் தூண்டில் விட்டான். நாலு மீன் எடுத்தான். போதும் என்று கயிற்றைச் சுற்றினான். அப்போது வெளிக்கடலிலிருந்து மூடுபனி வந்து, படகின் மூக்கே அவனுக்குத் தெரியாமல் போனது. திசைகாட்டியின் தூசியைத் துடைத்துப் பார்த்தான். முள் வடக்கைக் காட்டவில்லை. காட்டியது எந்தப் பக்கம் என்பதை அடியில் ஓடுகிற நீரோட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டான்: தென்மேற்கு. தட்டிப் பார்த்தான், குலுக்கிப் பார்த்தான். முள் ஆடி ஆடி அங்கேயே வந்து நின்றது. படகுக்குக் கீழே, கறுத்த தண்ணீருக்குள், எத்தனையோ ஆயிரம் வீட்டுமீன்கள் ஒரே பக்கமாக முகம் வைத்து நின்றிருந்தன; அந்த நினைப்பெல்லாம் சேர்ந்தால் இரும்பு என்ன செய்யும், பாவம். சிக்வார்ட் இயந்திரத்தை மெல்ல முடுக்கி, முள் சொன்ன பக்கமே வந்தான். முக்கால் மணி நேரத்தில் படகு அவர்கள் வீட்டுப் படித்துறையில் இடித்தது. மாக்னில்ட் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“இந்தப் பனியில எப்படி வழி கண்டுபுடிச்ச?”

“நானா? நான் சும்மா உக்காந்திருந்தேன்.”

அதன்பிறகு அந்தப் பக்கம் வந்த எல்லாப் படகிலும் அப்படியே ஆனது. புகார்கள் போயின, அளக்க ஆட்கள் வந்தார்கள், அளந்தார்கள், எழுதிக்கொண்டார்கள். இப்போது விற்கிற கடல்வரைபடத்தில் ஸ்கார்வ்நெஸ் குடாவுக்கு நேரே, ஆழத்தைக் குறிக்கும் எண்களுக்கு நடுவில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: இங்கே திசைகாட்டி உள்மூலையைக் காட்டும், வடக்கு வேண்டியவர்கள் நூற்று முப்பத்தைந்து டிகிரி கூட்டிக்கொள்ளவும். மற்றவர்கள் கூட்டிக்கொள்கிறார்கள். சிக்வார்ட் எதையும் கூட்டுவதில்லை.